கருப்பைக் கட்டி: கத்தியிலிருந்து ஒலி அலை வரை

கல்லூரி இயற்பியல் நூல்களில் மீயொலி அலைகளின் பயன்கள் என்று ஒரு பட்டியல் தவறாமல் இருக்கும். கடலின் ஆழம் அறிதல், உலோகத் தகடுகளில் மறைந்துள்ள வெடிப்புகளைக் கண்டறிதல், உடலின் உள்ளுறுப்புகளை ஆராய்தல் என்று அது போகும். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பட்டியலின் இரண்டாவது வரி மூன்றாவது வரியாக மாறியதற்கு ஒரு கதை உண்டு.

1955ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்கு அருகிலுள்ள ரென்ஃப்ரூ என்ற ஊரின் கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்கு இரண்டு கார்கள் வந்து நின்றன. அவற்றின் பின்பெட்டிகளில் இருந்தவை, பெண்களின் வயிற்றிலிருந்து அறுவை செய்து எடுக்கப்பட்ட கட்டிகள். கொண்டு வந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு. பாப்காக் அண்டு வில்காக்ஸ் என்ற அந்த நிறுவனத்தில், உலோகத்தின் உள்ளே குறை உண்டா என்று மீயொலிக் கருவியால் சோதிப்பது வழக்கம். அதே கருவியை இந்தக் கட்டிகளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது டொனால்டின் ஆவல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் அங்கே தயாராக இருந்தது.

அவர் கொண்டு வந்தவற்றில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, சூலகத்தில் தோன்றும் நீர்க்கட்டி. மற்றொன்று, கருப்பையின் தசைச் சுவரில் தோன்றும் கெட்டியான கட்டி. மருத்துவர்கள் இதை ஃபைப்ராய்டு என்பார்கள். இவ்விரண்டையும் வயிற்றைத் திறக்காமல் வேறுபடுத்தி அறிய முடியாமல் நூறாண்டுக் காலம் மருத்துவர்கள் பட்ட பாடும், அதனால் பெண்கள் பட்ட பாடும் சிறிதல்ல. கொதிகலன் தொழிற்சாலைக்குப் பிறகு திரும்பி வருவோம். நான் மருத்துவம் படித்தவள் அல்லள், இயற்பியல் கற்பிப்பவள். ஆயினும் இந்தக் கட்டியின் சிகிச்சை வரலாற்றில் மின்சாரம், எக்ஸ் கதிர், ஒலி என்று நம் பாடத்தின் அத்தியாயங்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. சில நல்ல பெயர் வாங்கின. சில வாங்கவில்லை.

கட்டி என்பது என்ன?

நம் ஊர்களில் "கர்ப்பப்பையில் கட்டி" என்று சொன்னவுடன் கேட்பவர் முகம் வாடிவிடும். புற்றுநோய் என்ற அச்சமே காரணம். ஃபைப்ராய்டு புற்றுநோய் அன்று. கருப்பைச் சுவரிலுள்ள ஒரு தசைச் செல் தன் போக்கில் பெருகத் தொடங்கி, நார்த்திசுவும் சேர்ந்து உருண்டு திரண்டதே அது. கடுகளவாகவும் இருக்கலாம், பல கிலோ எடையுள்ளதாகவும் வளரலாம். ஒன்றும் இருக்கலாம், ஒரே கருப்பையில் பல டஜனும் இருக்கலாம். சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரு ஹார்மோன்களே அதற்கு உரம். ஆகவே பூப்பெய்துவதற்கு முன் இது தோன்றுவதில்லை. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கிவிடுகிறது.

இது எவ்வளவு பரவலானது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் பெண்களுக்கு ஸ்கேன் செய்து பார்த்து 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, 50 வயதை எட்டுவதற்குள் வெள்ளை இனப் பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கும் இக்கட்டி இருக்கும். அவர்களுள் பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை தருமா என்பதை அளவைவிட இடமே முடிவு செய்கிறது. கருப்பையின் உட்குழிவில் நீட்டிக்கொண்டிருக்கும் நெல்லிக்காய் அளவுக் கட்டி மாதந்தோறும் இரத்தத்தைக் கொட்டச் செய்து கடும் இரத்தசோகையில் தள்ளலாம். வெளிப்புறம் வளர்ந்த தேங்காய் அளவுக் கட்டியைச் சுமந்துகொண்டு ஒருத்தி வயலில் நாற்று நட்டுக்கொண்டிருக்கலாம். பெரிய கட்டி சிறுநீர்ப்பையை அழுத்தலாம். சில கட்டிகள் கருத்தரிப்பதைத் தடுக்கலாம்.

தவறாக நடந்த முதல் அறுவைகள்

வயிற்றைத் திறந்தால் மரணம் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கையை அசைத்தவர் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து டான்வில் என்ற சிற்றூரின் மருத்துவர் ஈஃப்ரைம் மெக்டவல். 1809 டிசம்பரில், ஜேன் கிராஃபோர்டு என்ற பெண்ணின் சூலகக் கட்டியை அவர் எடுத்தார். மயக்க மருந்து அன்று கிடையாது. அந்த அம்மையார் பிழைத்து 78 வயது வரை வாழ்ந்தார். அதைக் கேட்டுத் துணிந்த மற்ற மருத்துவர்களும் சூலகக் கட்டிகளைத் தேடி வயிற்றைத் திறக்கலானார்கள்.

திறந்தபின் சிலர் திகைத்தார்கள். 1843இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் சார்லஸ் கிளே, சூலகக் கட்டி என்று எண்ணி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். உள்ளே இருந்தது ஃபைப்ராய்டால் பருத்த கருப்பை. அதை அகற்றினார், அப்பெண் பிழைக்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், 1853இல், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் வால்டர் பர்ன்ஹாம் என்பவருக்கும் அதே தவறு நேர்ந்தது. சூலகக் கட்டி என்று நினைத்துத் திறந்த நேரத்தில் நோயாளி வாந்தி எடுத்தார். அந்த அழுத்தத்தில் கட்டி நிறைந்த பெரிய கருப்பை வெட்டுவாய் வழியே வெளியே வந்துவிட்டது. திரும்ப உள்ளே வைக்க முடியவில்லை. வேறு வழியின்றி அதை வெட்டி எடுத்தார். அப்பெண் பிழைத்துக்கொண்டார். வயிற்றின் வழியே கருப்பை நீக்கப்பட்டுப் பிழைத்த முதல் பெண் அவரே என்று வரலாறு குறிக்கிறது. ஒரு வாந்தியால் பிறந்த சாதனை! அதே நகரில் அதே ஆண்டு செப்டம்பரில் கில்மன் கிம்பால் என்பவர், ஃபைப்ராய்டு என்று தெரிந்தே திட்டமிட்டு அறுவை செய்து வெற்றி கண்டார்.

ஒரு வெற்றியைக் கண்டு பத்துத் தோல்விகளை மறைத்துவிடக் கூடாது. பர்ன்ஹாம் அதன்பின் செய்த அறுவைகளில் பெரும்பாலானவை மரணத்தில் முடிந்தன. மயக்க மருந்து 1846இலேயே பாஸ்டன் நகரில் நடைமுறைக்கு வந்துவிட்டது, வலி தீர்ந்தது. ஆனால் இரத்தப்போக்கும் சீழும் தீரவில்லை. ஜோசப் லிஸ்டர் 1867இல் கிருமி நீக்க முறையை வெளியிட்டு, அது பரவிய பிறகே நிலைமை மெல்ல மாறியது.

இதற்கிடையில் சிலர் வேறொரு குறுக்கு வழியைக் கண்டார்கள். கருப்பையைத் தொடுவது ஆபத்து. ஆனால் சூலகங்களை எடுப்பது ஓரளவு எளிது. அவற்றை எடுத்துவிட்டால் மாதவிடாய் நின்று கட்டியும் சுருங்கும். அமெரிக்காவில் ராபர்ட் பேட்டியும் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரின் லாசன் டெய்ட்டும் 1872இல் சூலகங்களை அகற்றும் அறுவையைத் தொடங்கினார்கள். டெய்ட் அதை ஃபைப்ராய்டுக்கும் பயன்படுத்தினார். ஹார்மோன் என்ற சொல்லே 1905இல்தான் பிறந்தது என்பதை நினைத்தால், சூலகத்துக்கும் கட்டிக்கும் உள்ள தொடர்பை அவர்கள் கண்டுகொண்டது வியப்புக்குரியதே. ஆனால் முப்பது வயதுப் பெண்ணை ஒரே நாளில் மாதவிடாய் நின்ற முதியவளாக்குவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது.

மின்சாரம் வந்தது

கத்தியின் மீதிருந்த அச்சமே மின்சாரத்துக்கு வழிவிட்டது. பாரிஸ் நகரில் 1881இல் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஆம்பியர், வோல்ட், ஓம் முதலிய அலகுகளை வரையறுத்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் அதே நகரில் ஜார்ஜ் அப்போஸ்டோலி என்ற மருத்துவர், மின்னோட்டத்தை மருந்துபோல் அளந்து கொடுக்கும் முறையை வெளியிட்டார்.

அவர் செய்தது இதுதான். பெண்ணின் வயிற்றின் மேல் ஈரமான குயவர் களிமண்ணை அகலமாகப் பரப்பி அதில் ஒரு மின்வாயைப் பொருத்துவார். பிளாட்டினக் கம்பியால் ஆன மற்றொரு மின்வாயைக் கருப்பையினுள் செலுத்துவார். மின்கல அடுக்கிலிருந்து நேர்மின்னோட்டத்தை மெல்ல மெல்ல ஏற்றி, கால்வனோமீட்டரைப் பார்த்துக்கொண்டே 100, சில சமயம் 250 மில்லி ஆம்பியர் வரை கொண்டு போவார். மாணவர்கள் இங்கே புருவம் உயர்த்துவது சரியே. சில பத்து மில்லி ஆம்பியர் இதயத்தின் வழியே பாய்ந்தாலே உயிர் போகும் என்று நாம் கற்பிக்கிறோமே! இங்கே மின்னோட்டம் இதயத்தின் வழியே செல்லவில்லை. அது மாறுதிசை மின்னோட்டமும் அன்று. சிறிது சிறிதாக ஏற்றி இறக்கப்பட்டது. களிமண் அகலமாக இருந்ததால் தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் பாய்ந்த மின்னோட்டம் மிகக் குறைவு. உள்ளிருந்த கம்பியிலோ அது செறிந்திருந்தது. திசுக்களில் இருப்பது உப்புக் கரைசல்தானே? அங்கே மின்னாற்பகுப்பு நடந்தது. நேர்மின்வாயில் குளோரினும் அமிலமும், எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் காரமும் உண்டாயின. அவை கருப்பையின் உட்படலத்தைச் சுட்டன. இரத்தப்போக்கை நிறுத்த நேர்மின்வாயையும், கட்டியைக் கரைக்க எதிர்மின்வாயையும் உள்ளே வைக்க வேண்டும் என்றார் அவர்.

இரத்தப்போக்கு பலருக்குக் குறைந்தது உண்மை. கட்டி கரைந்ததா என்பதில்தான் சண்டை மூண்டது. எடின்பரோ நகரின் தாமஸ் கீத், கருப்பை நீக்க அறுவையில் அன்று மிகக் குறைந்த இறப்பு விகிதம் கண்டவர். அவரே கத்தியைக் கீழே வைத்துவிட்டு மின்சாரத்தின் பக்கம் வந்தார். டெய்ட் அதைக் கடுமையாக எதிர்த்தார். அந்நாளில் மின்சார இடைவார், மின்சாரச் சீப்பு என்று எல்லா நோய்க்கும் மின்சாரத்தை விற்ற போலிகள் ஏராளம். அப்போஸ்டோலியை அவர்களோடு சேர்க்கக் கூடாது. எவ்வளவு கொடுத்தோம் என்பதை ஆம்பியரில் எழுதி வைத்தவர் அவர். ஆயினும் நூற்றாண்டு முடிவதற்குள் அறுவை பாதுகாப்பாகிவிடவே, களிமண்ணும் மின்கலமும் மறைந்தன.

கதிரின் விலை

1895 நவம்பர் 8ஆம் நாள் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டார். 1903இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆல்பர்ஸ்-ஷோன்பர்க் என்ற மருத்துவர், அக்கதிர் பட்ட ஆண் முயல்கள் மலடாவதைக் கண்டறிந்தார். எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டிய செய்தி. ஆனால் அதிலேயே சிகிச்சை ஒன்றைக் கண்டது மருத்துவ உலகம். இனப்பெருக்க உறுப்பைக் கதிர் செயலிழக்கச் செய்யும் என்றால், கத்தியின்றியே சூலகத்தை நிறுத்திக் கட்டியைச் சுருக்கலாம் அல்லவா? சில ஆண்டுகளுக்குள் ஃபைப்ராய்டுக்கும் மிகை இரத்தப்போக்குக்கும் எக்ஸ் கதிர் சிகிச்சை பரவியது. ஃப்ரைபர்க் நகரின் மகளிர் மருத்துவமனை அதற்குப் பெயர் பெற்றது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கெல்லி ரேடியத்தைப் பயன்படுத்தினார்.

வலியில்லை, தழும்பில்லை, படுக்கையில்லை. விலை பின்னால் வந்தது. கருப்பை இரத்தப்போக்குக்காகக் கதிர் பெற்ற பெண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், அவர்களிடையே இரத்தப் புற்றுநோய் கூடியிருந்ததைக் காட்டின. ஆல்பர்ஸ்-ஷோன்பர்க்கையும் கதிர் விடவில்லை. ஒரு கையை இழந்து, 1921இல் அவர் இறந்தார். அவர் பணியாற்றிய ஹாம்பர்க் மருத்துவமனை வளாகத்தில், கதிரால் உயிரிழந்தோருக்கென 1936இல் எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. எக்ஸ் கதிர் பாடம் நடத்தும்போது அலைநீளத்தோடு இதையும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கருப்பையைக் காத்த கத்தி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருப்பை நீக்கம் பிழைக்கக்கூடிய அறுவையாகிவிட்டது. அதனாலேயே ஒரு சோம்பலும் வந்தது. கட்டி இருந்தால் கருப்பையோடு எடுத்துவிடு, கதை முடிந்தது. இந்தச் சோம்பலை எதிர்த்து நின்றவர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் விக்டர் பானி.

அவருக்கு அது வெறும் தொழில் வாதமன்று. அவருடைய மனைவிக்கு இளம் வயதிலேயே கருப்பை நீக்கப்பட்டது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிட்டுக் கருப்பையைத் தைத்து விட்டுவைப்பது அவர் கண்டுபிடித்த முறையன்று. முன்பே சிலர் செய்திருந்தார்கள். ஆனால் கருப்பை இரத்தம் நிறைந்த உறுப்பு. ஒவ்வொரு கட்டியைத் தோண்டும்போதும் குருதி பீறிடும். அதனால் ஓரிரு கட்டிகளுக்கு மேல் இருந்தால் எவரும் துணியமாட்டார்கள். பானி ஒரு கவ்வி செய்தார். கருப்பைக்குச் செல்லும் முக்கியத் தமனிகளை அறுவை முடியும் வரை அது அழுத்திப் பிடித்துக்கொள்ளும். குழாயை மூடிவிட்டுப் பழுது பார்ப்பதுதான், வேறொன்றுமில்லை. அந்தக் கவ்வியின் துணையோடு 800க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்தார். இறப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தது. ஒரே பெண்ணின் கருப்பையிலிருந்து 225 கட்டிகளை எடுத்து, அக்கருப்பையையும் காப்பாற்றினார்! இவற்றுள் பெரும்பகுதி பெனிசிலின் வருவதற்கு முன் நடந்தது. உறுப்பின் வேலையைக் கெடுக்காமல் குணப்படுத்துவதே அறுவையின் உயர்ந்த இலக்கு என்பது அவர் வாதம்.

கேட்டவர் சிலரே. இரத்தம் ஏற்றும் வசதியும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் வந்தபின் கருப்பை நீக்கம் இன்னும் எளிதாயிற்று. 1990களில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் கருப்பைகள் நீக்கப்பட்டன. அதற்கு முதல் காரணம் ஃபைப்ராய்டே. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழந்தைப்பேறு முடிந்து, பெரிய கட்டிகளால் ஆண்டுக்கணக்கில் துன்பப்பட்ட பெண்ணுக்கு இந்த அறுவை பெரிய விடுதலையாக இருக்கலாம். கட்டி மீண்டும் வராது என்று உறுதி சொல்லக்கூடிய சிகிச்சை இன்றும் இது ஒன்றுதான். வேறு வழி உண்டு என்பதே அவளுக்குச் சொல்லப்படாமல் போவதுதான் குறை.

மீண்டும் கொதிகலன் தொழிற்சாலைக்கு

கிளேயும் பர்ன்ஹாமும் செய்த தவறு நினைவிருக்கிறதல்லவா? நீர்க்கட்டியா தசைக்கட்டியா என்பது அவர்கள் கைக்குத் தெரியவில்லை. டொனால்டின் காலத்திலும் மருத்துவரின் விரல்களே கருவி. ரென்ஃப்ரூவில் அன்று அவர் கண்டது என்ன?

ஒலி ஓர் ஊடகத்திலிருந்து வேறுபட்ட ஓர் ஊடகத்தில் நுழையும்போது எல்லையில் ஒரு பகுதி எதிரொலிக்கும். நீர்க்கட்டியின் உள்ளே இருப்பது ஒரே சீரான திரவம். ஆகவே முன்சுவரில் ஓர் எதிரொலி, பின் நெடிய வெறுமை, பின்சுவரில் தெளிவான மற்றோர் எதிரொலி. ஃபைப்ராய்டோ நெருங்கிப் பின்னிய தசையும் நாரும். அதில் நுழைந்த ஒலி வழியெல்லாம் சிறு சிறு எதிரொலிகளாகச் சிதறி, ஆழம் போகப்போகத் தேய்ந்தது. திரையில் இரண்டு கோலமும் வேறு வேறாக விழுந்தன. டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரின் துணையோடு கருவி செப்பனிடப்பட்டது. வயிற்றுப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சாதாரண நீர்க்கட்டி என்று அது காட்டிக்கொடுத்தது, அவர் பிழைத்தார். 1958 ஜூனில் அவர்கள் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரையே மகளிர் மருத்துவத்தில் ஸ்கேனுக்கு அடிக்கல். கருவிலிருக்கும் குழந்தையைப் பார்ப்பதற்கு ஸ்கேன் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பிறந்தது கட்டியைப் பார்ப்பதற்கு.

கட்டி எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதை அணுகும் வழியும் மாறும். உட்குழிவில் நீட்டியிருக்கும் கட்டியை, வயிற்றில் ஒரு கீறலும் இன்றி, யோனி வழியே ஒளிக்குழாயைச் செலுத்தி மின்கம்பி வளையத்தால் சீவி எடுக்கும் முறையை 1976இல் நியூயார்க்கில் ராபர்ட் நியூவர்த் வெளியிட்டார். வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையை ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் வளர்த்தார். இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெரிய கட்டியைச் சிறு துளை வழியே எடுக்க, உள்ளேயே அதை மின்கருவியால் துருவுவார்கள். ஃபைப்ராய்டு என்று எண்ணியது அரிதாகப் புற்றாக இருந்துவிட்டால், அந்தத் துருவல் வயிறெங்கும் பரவிவிடும். இதுபற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரிக்கை வெளியிட்டது.

அறுவைக்கு வராத நோயாளிகள்

மீண்டும் பாரிஸ். லாரிபுவாசியேர் மருத்துவமனையில் ழாக் ரவினா என்ற மகளிர் மருத்துவர், ஃபைப்ராய்டு அறுவையில் இரத்த இழப்பைக் குறைக்க ஒரு வழி செய்தார். அறுவைக்கு முன்பே கட்டிக்குச் செல்லும் தமனிகளை அடைத்துவிடுவது. தொடையிலுள்ள தமனியில் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ் கதிர்த் திரையில் பார்த்தபடியே கருப்பைத் தமனி வரை கொண்டு சென்று, அரை மில்லிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் துகள்களை விடுவார்கள். அவை இரத்தத்தோடு மிதந்து சென்று சிறு குழாய்களை அடைத்துவிடும். தமனிக்குள் குழாய் நுழைக்கும் இந்த எளிய முறையை ஸ்டாக்ஹோமில் செல்டிங்கர் 1953இல் காட்டியிருந்தார்.

எதிர்பாராத ஒன்று நடந்தது. அடைப்புச் செய்துகொண்ட பெண்கள் சிலர் அறுவைக்கு வரவில்லை. இரத்தப்போக்கு நின்றுவிட்டது, கட்டியும் சுருங்கியது, இனி எதற்கு அறுவை? முன்னேற்பாடே சிகிச்சையாகிவிட்டது. அறுவையே இன்றி இவ்வாறு சிகிச்சை பெற்ற 16 பெண்களைப் பற்றி ரவினா குழுவினர் 1995இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கருப்பைக்குப் பல கிளை வழிகளில் இரத்தம் கிடைப்பதால் அது பிழைத்துக்கொள்கிறது. கட்டிக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்க அரசியல் தலைவர் காண்டலீசா ரைஸ் 2004இல் இச்சிகிச்சையைச் செய்துகொண்டபோது அது செய்தித்தாள்களில் இடம் பெற்றது.

குறையும் உண்டு. நெதர்லாந்து நாட்டில் நடந்த ஓர் ஆய்வில், இச்சிகிச்சை பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோருக்கு ஐந்தாண்டுக்குள் கருப்பை நீக்கம் தேவைப்பட்டது. மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை என்றும் இதையே படிக்கலாம். பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை செய்துகொண்டவர்கள் இரண்டாண்டுக்குப் பின் சற்றுக் கூடுதல் நலத்துடன் இருந்ததாகக் கண்டது. பானி கேட்டால் மகிழ்ந்திருப்பார்.

ஒலியே கத்தியாக

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்தவர்கள் நாம். ஒலியையும் அவ்வாறு குவிக்கலாம். ஒரு மெகாஹெர்ட்சு ஒலியின் அலைநீளம் உடல் திசுவில் ஏறத்தாழ 1.5 மி.மீ.; எனவே சில மி.மீ. அகலமுள்ள நெல்மணி வடிவப் புள்ளியில் அதைச் செறியவைக்க முடியும். அங்கே சில விநாடிகளில் வெப்பநிலை 60 டிகிரிக்கு மேல் ஏறித் திசு வெந்துபோகும். வழியிலுள்ள தோலும் தசையும் தப்பிக்கும். குவிந்த ஒலியால் திசுவைச் சுடலாம் என்பது 1942இலேயே தெரியும். 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஃப்ரை சகோதரர்கள் அதை மூளை ஆய்வில் பயன்படுத்தினார்கள். பின் ஏன் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது? எங்கே சுடுகிறோம், எவ்வளவு சுட்டோம் என்று தெரியாததே காரணம். உடலுக்குள் வெப்பமானியை எப்படி வைப்பது?

விடை எம்.ஆர்.ஐ. கருவியில் கிடைத்தது. திசுவிலுள்ள நீரின் புரோட்டான்கள் காந்தப் புலத்தில் ஒரு குறித்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. 1.5 டெஸ்லா புலத்தில் அது ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்சு. வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் அந்த அதிர்வெண் பத்துக் கோடியில் ஒரு பங்கு குறைகிறது. அதாவது ஒரு ஹெர்ட்சுக்கும் குறைவான மாற்றம். அந்தச் சிறு மாற்றத்தை அளந்து, வயிற்றுக்குள் எந்தப் புள்ளி எத்தனை டிகிரி என்று வண்ணப் படமாகத் தீட்டிவிடுகிறார்கள். பாஸ்டன் நகரில் ஃபெரெங்க் ஜோலெஸ், குல்லெர்வோ ஹைனினென் ஆகியோர் இந்த இணைப்பில் முன்னின்றவர்கள். இவ்வகைக் கருவிக்கு 2004இல் ஃபைப்ராய்டுச் சிகிச்சைக்காக அமெரிக்க அனுமதி கிடைத்தது. சீனாவில் சோங்சிங் நகரினர் எம்.ஆர்.ஐ.க்குப் பதிலாக ஸ்கேனையே வழிகாட்டியாக வைத்துத் தனி வழி கண்டார்கள்.

இயற்பியல் ஆசிரியை என்ற முறையில் இதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அப்போஸ்டோலியின் களிமண்ணையும் ஹாம்பர்க் தூணையும் மறந்துவிட்டுப் பெருமைப்பட முடியாது. கட்டிக்கு முன்னால் குடல் வந்து நின்றால் இது உதவாது. எண்ணிக்கை மிகுந்தாலும் உதவாது. வெந்த கட்டி சுருங்குமேயன்றி மறைவதில்லை. சிலருக்கு மறுபடியும் சிகிச்சை தேவைப்படும். கருவியின் விலையும் மிக அதிகம்.

மாத்திரைகள்

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானிய மருத்துவத் தம்பதியர் ஒகாமோட்டோ 1962இல் வெளியிட்ட டிரானெக்சாமிக் அமிலம், கட்டியை ஒன்றும் செய்யாது. மாதவிடாய் நாட்களில் இரத்தம் உறைய உதவும். விலை மலிவு. ஹார்மோன் பூசிய கருப்பை வளையமும் இரத்தப்போக்கைக் குறைக்கும். சூலகத்தை ஆட்டிவைக்கும் மூளை ஹார்மோனின் கட்டமைப்பு 1971இல் தெரிந்தது; அதைக் கொண்டு செய்த ஊசி மருந்து கட்டியைச் சுருக்குவதை 1983இல் கண்டார்கள். பேட்டியின் கத்தி செய்ததை ஊசி தற்காலிகமாகச் செய்தது. நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும். நீண்ட நாள் போட்டால் எலும்பு தேயும். ஆகவே சிறிதளவு ஈஸ்ட்ரோஜனும் சேர்த்துக் கொடுக்கும் மாத்திரைகளுக்கு அமெரிக்காவில் 2020இலும் 2021இலும் அனுமதி தந்தார்கள். அவற்றுக்கும் இரண்டாண்டு வரம்பு உண்டு. ஐரோப்பாவில் 2012இல் ஆரவாரத்தோடு வந்த உலிப்ரிஸ்டால் என்ற மாத்திரை சிலருடைய கல்லீரலைக் கெடுக்கவே, 2020இல் அதன் விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னர் மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டும் அனுமதிக்கப்பட்டது.

நம் நாட்டில்

இந்தியாவில் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தினர் கருப்பையை இழந்தவர்கள். ஆந்திரத்தில் இந்த விகிதம் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இவர்களுள் பலர் நாற்பதைத் தொடாதவர்கள். இவ்வயதினருக்குக் கட்டிக்காகவும் இரத்தப்போக்குக்காகவும், எளிய சிகிச்சைகளை முயன்று பாராமலே இந்த அறுவை செய்யப்படுவதாகப் பல மாநிலங்களிலிருந்து புகார்கள் எழுந்தன. மகாராஷ்டிர மாநிலத்துப் பீட் மாவட்டத்தின் கரும்பு வெட்டும் பெண்கள், வேலை நாள் கெடுமென்று இளம் வயதிலேயே இதைச் செய்துகொண்ட செய்தி 2019இல் நாட்டை உலுக்கியது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிமுறைகளை நடுவண் அரசு வகுத்தது. அவற்றை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது.

கட்டி இருந்தும் தொல்லை இல்லாத பெண்ணுக்கு எச்சிகிச்சையும் வேண்டுவதில்லை. அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். தொல்லை உள்ளவருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு. பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு 2011இல் இக்கட்டிகளுக்கு 0 முதல் 8 வரை எண் கொடுத்திருக்கிறது. 0 என்றால் கட்டி முழுதும் உட்குழிவில் காம்பில் தொங்குகிறது. 1, 2 என்றால் ஒரு பகுதி சுவரில் புதைந்திருக்கிறது. 4 முழுதும் சுவருக்குள். 7 வெளிப்புறத்தில் காம்பில் தொங்குவது. கருப்பை வாய் போன்ற பிற இடங்களில் இருப்பது 8. எண் 0 அல்லது 1 ஆக இருந்தால் நியூவர்த்தின் ஒளிக்குழாய் வழியே அன்றே வீடு திரும்பும்படி எடுத்துவிடலாம். எண் 7 ஆக இருந்து தொல்லையும் இல்லையென்றால் தொடவே தேவையில்லாமல் போகலாம். ஸ்கேன் அறிக்கையில் பல சமயம் இந்த எண்ணை எழுதியிருப்பார்கள். எழுதியிராவிட்டால் கேட்கலாம்.